கோடாக் ஹுலா ஷோவும் கபுலானி லாண்ட்கிராஃபின் கேமராவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

1937-இல் ஹொனலூலுவில் கோடாக் கம்பெனியின் ஹவாய்க் கிளையைக் கவனித்துக்கொண்டிருந்த ஃபிரிட்ஸ் ஹெர்மனுக்கு ஒரு வியாபாரச் சிக்கல். கப்பலில் வந்து இறங்கும் சுற்றுலாப் பயணிகள் ஹவாயின் மரபு நடனமான ஹுலாவைப் பார்ப்பது பெரும்பாலும் ராத்திரி விருந்துகளில். அன்றைக்கு இருந்த ஃபிலிமுக்கு அந்த வெளிச்சம் பத்தாது. எடுத்தால் படம் இருட்டாக விழும், படம் விழாது என்று தெரிந்தால் யாரும் ஃபிலிம் வாங்க மாட்டார்கள். ஹெர்மன் ஹுலாவையே பகலுக்கு மாற்றிவிட்டார். ஹொனலூலுவின் வைகிக்கி கடற்கரையில், காலை வெயிலில், இலவசமாக. சூரியன் பார்வையாளர்களின் முதுகுப் பக்கம் வரும்படி இருக்கை வரிசை போட்டார்கள், வெளிச்சம் நேராக ஆடுபவர்கள் முகத்தில் விழும். நடுநடுவே ஆட்டத்தை நிறுத்திப் போஸ் கொடுப்பார்கள். கடைசியில் பெரிய பெரிய எழுத்து அட்டைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு 'ஹவாய்', 'அலோஹா' என்று வரிசையாக நிற்பார்கள், எல்லாரும் ஒரே சமயத்தில் கிளிக் செய்வார்கள். கோடாக் ஹுலா ஷோ என்ற இந்த ஏற்பாடு 2002 வரைக்கும் ஓடியது, கடைசிச் சில வருடம் கோடாக் விலகிக்கொண்டு வேறொரு அறக்கட்டளை நடத்தியது என்றாலும்.

இதில் ஆடியவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேர்ந்த கலைஞர்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடினார்கள். எனக்கு இதில் உறுத்துவது வேறு. ஒரு நடனத்தை எந்த நேரத்தில் ஆட வேண்டும், எந்தப் பக்கம் பார்த்து ஆட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் ஒரு ஃபிலிமின் வேகம், அதாவது படம் விழ அதற்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பது, தீர்மானித்திருக்கிறது. அதே நடனத்தை 1830-இல் பொது இடத்தில் ஆடக் கூடாது என்று தடை செய்ய வைத்தது மிஷனரிகளின் செல்வாக்கு, பிறகு ஹவாயை ஆண்ட கலாகாவா மன்னர்தான் அதை அரண்மனை முற்றத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். கோடாக்காரர்கள் அதற்கு 50 வருடம் கழித்து வந்தவர்கள்.

ஹவாயைப் பற்றி நாம் பார்த்து வளர்ந்த படங்கள் கிட்டத்தட்ட இரண்டே வகை. ஆளே இல்லாத கடற்கரையும் தென்னை மரமும் ஒன்று, காதில் பூ வைத்துச் சிரிக்கும் பெண் இன்னொன்று. மாட்சன் கப்பல் கம்பெனி விளம்பரத்துக்கு எட்வர்ட் ஸ்டைகன் மாதிரி பெரிய புகைப்படக்காரரே வந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார், அதனால் இதை மட்டமான வேலை என்றும் ஒதுக்கிவிட முடியாது. அழகான படங்கள்தான். நம் ஆட்களில் ஹவாய் போய் வந்தவர்களின் ஃபோனை வாங்கிப் பார்த்தால் கவாய் தீவில் 'இறைவன் கோயில்' என்ற பெயரில் இருக்கும் சிவன் கோயில் படம் நாலு கூடுதலாக இருக்கும், மற்றபடி இதே இரண்டு வகைதான்.

இந்த இரண்டு படங்களுக்கும் அந்த மண்ணைச் சேர்ந்த ஒரு புகைப்படக் கலைஞர் தந்த பதில்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். பெயர் கபுலானி லாண்ட்கிராஃப். ஹவாய்ப் பழங்குடி வம்சம், ஓவாஹு தீவின் கானெயோஹே பகுதியில் வளர்ந்தவர், கல்லூரியில் மானிடவியல் படித்தவர், பிறகு தானே கல்லூரி ஆசிரியரும் ஆனவர். 30 வருடத்துக்கும் மேலாகப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் வேலை செய்கிறார். சுற்றுலா, காலனிய மரபு என்று பேசும்போது இவர் பெயரை எடுப்பவர்கள் உண்டு, ஆனால் எனக்குத் தெரிந்தவரை இவருடைய முக்கியமான படங்களில் சுற்றுலாப் பயணி என்று ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதுதான் என்னை இவர் பக்கம் இழுத்தது.

கொஞ்சம் பின்னணி சொல்லாமல் மேலே போக முடியாது. 1893 ஜனவரி 17 அன்று, கரும்புத் தோட்ட வியாபாரிகளும் வக்கீல்களும் சேர்ந்த ஒரு சின்னக் கும்பல், பாஸ்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் சிப்பாய்கள் கரையிறங்கி நின்ற தைரியத்தில், லிலியுவோகலானி ராணியின் ஆட்சியைக் கவிழ்த்தது. அடுத்து வந்த குடியரசுக்கு சான்ஃபோர்ட் டோல் தலைவர். டப்பா அன்னாசிப் பழத்தில் பார்க்கும் டோல் அவருடைய உறவுக்காரர் ஆரம்பித்த கம்பெனி. 1896-இல் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம்தான் பயிற்று மொழி என்று சட்டம் வந்தது. 1897-இல் அமெரிக்காவோடு இணைக்காதே என்று 21,000-க்கும் மேற்பட்ட ஹவாய் மக்கள் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பினார்கள், அடுத்த வருடமே இணைத்துவிட்டார்கள். 1959-இல் மாநிலமானது. அந்த வருடம்தான் ஜெட் விமானமும் வந்தது. அப்போது வருடத்துக்கு இரண்டரை லட்சம் பேர்கூட வராத தீவுகளுக்கு 2019-இல் ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள். அங்கே குடியிருப்பவர்கள் மொத்தம் 14 லட்சம் சொச்சம். நடந்தது சட்ட விரோதம்தான் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 1993-இல் தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டது. அந்தத் தீர்மானத்தால் நிலம் எதுவும் திரும்பி வரவில்லை.

ஒரு நெடுஞ்சாலையின் கதை

சரி, இப்போது எச்-3 சாலைக்கு வருவோம். லாண்ட்கிராஃபின் ஆரம்பகால வேலையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

எச்-3 என்பது பேர்ல் ஹார்பர் பக்கத்திலிருந்து கிளம்பி, ஹாலாவா பள்ளத்தாக்கு வழியாக ஏறி, கோஓலாவ் மலையைச் சுரங்கத்தில் குடைந்துகொண்டு போய், மறுபுறம் கானெயோஹேயில் இருக்கும் மரைன் படைத்தளத்தில் முடிகிற சாலை. சுமார் 26 கிலோமீட்டர்தான். செலவு 130 கோடி டாலர். அமெரிக்காவின் 'இன்டர்ஸ்டேட்' சாலைகளில் ஒன்று. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவுக்குள் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சாலை எப்படி என்று யாரும் கேட்கலாம், ராணுவத் தளங்களை இணைக்கும் சாலைக்கு மத்திய அரசுப் பணம் வரும் வழி அது என்பதுதான் பதில். 1960-களில் போட்ட திட்டம். முதலில் மோவானலுவா பள்ளத்தாக்கு வழியாகப் போவதாக இருந்தது, வழக்குப் போட்டு அதைத் தடுத்தார்கள், பாதை பக்கத்துப் பள்ளத்தாக்கான ஹாலாவாவுக்கு மாறியது. அங்கேயும் நீதிமன்றம் குறுக்கே நின்றபோது, 1986-இல் செனட்டர் டேனியல் இனோயே முயற்சி எடுத்து இந்த ஒரு சாலைக்கு மட்டும் சுற்றுச்சூழல் சட்டத்திலிருந்து விலக்கு வாங்கிக் கொடுத்தார். பூங்காக்களையும் வரலாற்றுச் சின்னங்களையும் காப்பதற்கென்று இருந்த சட்டப் பிரிவு இந்தச் சாலைக்குப் பொருந்தாது என்று ஆகிவிட்டது.

பாதையில் என்ன இருந்தது? சேப்பங்கிழங்கு பயிரிட்ட பழைய படிக்கட்டு வயல்கள், குடியிருப்பு அடித்தளங்கள், ஹெய்யாவு எனப்படும் கல் வழிபாட்டு மேடைகள். ஹாலாவாவில் ஹாலே ஓ பாபா என்று அடையாளம் காணப்பட்ட இடத்தைப் பெண்களுக்கான வழிபாட்டுத் தலம் என்று சொல்லி 1992-இல் ஹவாய்ப் பெண்கள் அங்கேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள், கைதும் ஆனார்கள். அகழாய்வு நடத்தியவர்களுக்குள்ளேயே எது ஹெய்யாவு, எது வெறும் கற்குவியல் என்று தகராறு, அது பத்திரிகை வரை போய் நாறியது. பாதையை அங்கங்கே கொஞ்சம் வளைத்தார்கள். ஆனால் சாலை நிற்கவில்லை. 1997 டிசம்பர் 12 அன்று திறந்தார்கள்.

இந்த வேலை நடந்த காலம் முழுக்க, 1989-லிருந்து, லாண்ட்கிராஃபும் மார்க் ஹமாசாகியும் சேர்ந்து அதைப் படமெடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஹமாசாகி கல்லூரியில் புகைப்படம் கற்பித்தவர், லாண்ட்கிராஃபை விட மூத்தவர். இருவரும் தங்கள் பெயர்களைப் பின்னுக்குத் தள்ளி 'பிலியாமோவோ' என்ற கூட்டுப் பெயரில் படங்களை வெளியிட்டார்கள். எந்தப் படம் யார் எடுத்தது என்ற கேள்விக்கே இடம் வைக்கவில்லை, கலை உலகத்தில் இது அவ்வளவு சுலபமாக நடக்கிற காரியம் இல்லை. படங்கள் 'ஏ லுகு வாலே ஏ' என்ற புத்தகமாக வந்தது 2015-இல், அதாவது சாலை திறந்து 18 வருடம் கழித்து.

அவர்கள் பயன்படுத்தியது பெரிய வடிவக் கேமரா. இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் கருவிதான் இங்கே பாதி விஷயம். முக்காலியில் நிறுத்த வேண்டும். கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு பின்னால் இருக்கும் தேய்த்த கண்ணாடியில் பார்த்தால் காட்சி தலைகீழாகத் தெரியும், மலை மேலே, வானம் அடியில் என்று. உருப்பெருக்கி வைத்து ஃபோகஸ் பார்த்து, லென்ஸை மூடி, ஒற்றைத் தாளாக இருக்கும் ஃபிலிமைச் சட்டத்தோடு செருகி, மூடியை உருவி, ஒரே ஒரு படம். அடுத்த படத்துக்கு மறுபடியும் முதலிலிருந்து. வெயில், மழை, புழுதி எல்லாம் இருக்கும் கட்டுமான இடத்தில் இதைச் செய்வதற்குப் பிடிவாதம் வேண்டும். கோடாக் ஷோவில் ஆட்டக்காரர்கள் கேமராவுக்காக நின்றார்கள். இங்கே கேமராக்காரர்கள் மண்ணுக்காக நின்றார்கள், வருடக்கணக்கில்.

பலன் என்னவென்றால் துல்லியம். வெட்டின மலைச்சரிவில் புல்டோசரின் பல் பதிந்த தடம் வரிவரியாகத் தெரிகிறது. காட்டு மரங்களுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு, மேலே பாலம் இன்னும் ஏறாத கான்கிரீட் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. கட்டாத கம்பிகள், சுரங்கத்தின் வாய், பிடுங்கிப் போட்ட வேர். எதிர்ப்புப் புகைப்படம் என்றால் நாம் எதிர்பார்ப்பது பதாகை, போலீஸ், அழும் முகம். இவர்கள் பார்வை நிலத்தின் மேலேயே இருக்கிறது. அந்தப் படங்களோடு போகிற எழுத்து ஹவாய் மொழியில் அமைந்த இரங்கல் பாட்டு, செத்தவர்களுக்குப் பாடுகிற ஒப்பாரி வகை. படத்தில் யாரும் சாகவில்லையே என்று நினைத்தபடி பார்த்தால், அது ஒரு பள்ளத்தாக்குக்கு வைத்த ஒப்பாரி என்று புரிய ஒரு நிமிஷம் ஆகும்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். இது ராணுவத்துக்கான சாலை, இதற்கும் சுற்றுலாவுக்கும் என்ன? ஆரம்பத்தில் எனக்கும் இந்தப் படங்களைச் சுற்றுலா என்ற தலைப்பின் கீழ் வைப்பது கொஞ்சம் இழுத்துப் பிடித்த மாதிரிதான் தோன்றியது. ஆனால் இன்றைக்கு ஓவாஹு பற்றிய பயண வழிகாட்டிகளைத் திறந்தால், கட்டாயம் காரில் போக வேண்டிய அழகான பாதை என்று எச்-3 வருகிறது. சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் மலையின் பச்சை மடிப்புகள் மேல் உயரப் பாலத்தில் மிதப்பது போல இருக்கும் என்று வர்ணிக்கிறார்கள், அது உண்மையும்கூட. அந்தக் காட்சியே அந்தத் தூண்களால் கிடைத்தது. ராணுவம் போட்ட சாலை பத்து இருபது வருடத்தில் சுற்றுலாக் காட்சிமுனையாக ஆகிவிடுகிறது, தீவில் இந்த இரண்டு தொழிலும் அவ்வளவு நெருக்கம். பேர்ல் ஹார்பரையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே நேரத்தில் கடற்படைத் தளம், தீவின் முக்கியமான சுற்றுலா இடம்.

மணலுக்கு அடியில்

கடற்கரைப் படத்துக்கும் இதே கதைதான். வைகிக்கி ஒரு காலத்தில் சதுப்பு நிலம். சேப்பங்கிழங்கு வயல், மீன் குட்டை, பிறகு சீனர்கள் பயிரிட்ட நெல், வாத்துப் பண்ணை. 1920-களில் ஆலா வாய் கால்வாயைத் தோண்டி மலைத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, தோண்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கித்தான் ஹோட்டல் கட்டும் மனை உருவானது. உலகப் புகழ் பெற்ற அந்தக் கடற்கரையின் மணலில் ஒரு பங்கு வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியது. மௌயி தீவின் மணல்மேடுகளோ தோண்டப்பட்டு ஓவாஹுவின் கான்கிரீட்டுக்குக் கப்பலேறின. ஹவாய் மக்கள் தங்கள் முன்னோரைக் கடலோர மணல்மேடுகளில் புதைப்பது வழக்கம், ஆக மணலை அள்ளினால் எலும்பும் சேர்ந்து வரும்.

1980-களின் கடைசியில் மௌயியின் ஹோனோகஹுவாவில் நடந்தது இதன் உச்சம். கடலைப் பார்த்த ஒரு ஆடம்பர ஹோட்டலுக்கு அடித்தளம் போடப் போன இடத்தில் எலும்புகள் வர ஆரம்பித்தன, தோண்டத் தோண்டக் கிட்டத்தட்ட ஆயிரம் பேருடைய உடல்கள். 1988 டிசம்பரில் ஜனங்கள் தலைமைச் செயலகம் முன் விடிய விடிய உட்கார்ந்த பிறகுதான் தோண்டுவது நின்றது. எலும்புகளைத் திரும்பப் புதைத்தார்கள், ஹோட்டல் உள்பக்கம் தள்ளிப் போனது, 1990-இல் புதைகுழிகளுக்கென்று மாநிலச் சட்டமும் தீவுக்குத் தீவு குழுக்களும் வந்தன. லாண்ட்கிராஃப் வளர்ந்து, படித்து, கேமராவைக் கையில் எடுத்தது சரியாக இந்த வருடங்களில். மணலும் எலும்பும் அவருடைய பிந்தைய வேலைகளில் திரும்பத் திரும்ப வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஓவாஹுவின் கோஓலாவ் போகோ வட்டாரத்தையும் பிறகு மௌயியையும் பற்றி அவர் செய்த இரண்டு புகைப்படப் புத்தகங்கள் (1994, 2003) இந்தப் பின்னணியில்தான் புரியும். வெளியிலிருந்து வருபவர் கண்ணுக்கு வெறும் பாறை, குட்டை, மலைமுடி. அவர் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்கிறார், அங்கே என்ன நடந்தது, எந்தத் தெய்வம், எந்தப் பழமொழி என்று ஹவாய் மொழியில் எழுதுகிறார், ஆங்கிலம் அதற்குப் பிறகுதான். 1980-களின் தொடக்கத்தில் 18 வயதுக்குக் கீழே ஹவாய் மொழி சரளமாகப் பேசுகிறவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை என்று கணக்கு எடுத்த மொழி அது. ஆளில்லாத அழகான நிலம் என்ற சுற்றுலாப் படத்துக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. நிலம் அப்படியேதான் இருக்கிறது, ஆள்தான் இல்லை, ஆனால் காலியிடம் என்று சொல்ல முடியாமல் செய்துவிடுகிறார்.

சிரிக்காத முகங்கள்

இரண்டாவது வகைப் படம், அந்தச் சிரிக்கும் பெண். அதற்கான பதில் 2019-இல் ஹொனலூலு பியன்னாலே என்ற கலைத் திருவிழாவில் வந்த 'ஆவுஆ' என்ற படைப்பு. நூற்றுக்கும் மேற்பட்ட ஹவாய் மக்களின் முகங்கள், கறுப்பு வெள்ளையில், சுவர் முழுக்க. ஆண்கள், பெண்கள், கிழவர்கள், வாலிபர்கள். முகத்தின் மேலேயே எழுத்து ஓடுகிறது: நாங்கள் அமெரிக்கர்கள் அல்ல. கூடவே ஹவாய் மொழியில், என்றென்றைக்கும் நான் ஹவாய்க்காரன் என்ற பொருளில் ஒரு வரி. முதல் வாக்கியம் ஹவாய் மக்களின் உரிமைக்குப் போராடிய ஹௌனானி-கே டிராஸ்க்குடையது. ராணியைக் கவிழ்த்து நூறு வருடம் ஆன 1993 ஜனவரி 17 அன்று, இயோலானி அரண்மனை வளாகத்தில் கூடியிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் அவர் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி முழங்கினார். கேட்டவர்களில் பலருக்குக் கோபம், பலருக்கு அழுகை.

முகத்தின் குறுக்கே எழுத்து போட்டால் முகம் மறையும், இது புகைப்படக்காரருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் செய்திருக்கிறார். தனித்தனியாகப் பார்க்கும்போது அந்த முகங்களின் தனித்தன்மை கொஞ்சம் குறைகிறது என்பது உண்மை, எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. ஒரு பாட்டியின் கண்ணோரச் சுருக்கத்தைப் பார்க்க வேண்டியிருக்கையில் எழுத்து குறுக்கே வந்துவிடுகிறது. ஆனால் தள்ளி நின்று மொத்தச் சுவரையும் பார்க்கையில், இது 1897-இன் கையெழுத்து மனு மாதிரியே வரிசை வரிசையாக ஒரே வாசகத்தின் கீழ் ஆட்கள் நிற்பது என்று தோன்றுகிறது. இவர் அதை மனதில் வைத்துத்தான் செய்தாரா என்பது வேறு விஷயம், பார்க்கிற எனக்கு அப்படித்தான் படுகிறது. இந்த முகங்களை யாரும் அஞ்சலட்டையாக வாங்கிப் போக மாட்டார்கள், அது நிச்சயம்.

அப்புறம், இதனால் என்ன ஆச்சு என்று கேட்கிறவர்களுக்கு. எச்-3 ஓடிக்கொண்டிருக்கிறது. தினமும் அதில் வேலைக்குப் போகிறவர்களில் ஹவாய் மக்களும் இருக்கிறார்கள், அந்தச் சாலை கட்டிச் சம்பளம் வாங்கிய குடும்பங்களும் கானெயோஹேயில் இருக்கும். பிலியாமோவோ படங்களில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான், கம்பி கட்டியவனும் லாரி ஓட்டியவனும் அந்த உலகத்தில் இல்லவே இல்லை என்பது போல இருக்கிறது. சாலையைக் கட்டியது சட்டமும் பணமும் மட்டுமில்லை, தீவில் வேறு வேலை கிடைக்காத நிலைமையும்தான். அந்த நிலைமைக்குக் கரும்புத் தோட்டமும் அதை விழுங்கிய ஹோட்டல் தொழிலும் எவ்வளவு காரணம் என்று ஒரு தொழிலாளியின் முகத்தை வைத்தே காட்டியிருக்கலாம். நிலத்தை மட்டும் பார்ப்பது என்ற கட்டுப்பாடு படங்களுக்குப் பலம், கதைக்குக் கொஞ்சம் நஷ்டம்.

பியன்னாலே பற்றியும் ஒரு வார்த்தை. உலகம் முழுக்க இந்த மாதிரி கலைத் திருவிழாக்கள் ஊருக்கு ஆள் வரவழைக்கும் ஏற்பாடும்தான், விமானம் ஏறி வருபவர்களை நம்பித்தான் பாதி நடக்கிறது. சுற்றுலாவைக் கேள்வி கேட்கும் படைப்பு சுற்றுலாவின் மேடையிலேயே நிற்பது ஒரு முரண், லாண்ட்கிராஃபுக்கு மட்டும் உள்ளது இல்லை, ஹவாயில் வேலை செய்கிற எந்தக் கலைஞருக்கும் இருக்கிறது. மற்றவர்கள் பலர் இதற்குத் தரும் தீர்வு நையாண்டி: பிளாஸ்டிக் பூமாலை, ஹுலா பொம்மை, பழைய போஸ்டரைத் திருப்பிப் போடுவது. பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனால் சுற்றுலாப் பொருளையே மறுபடியும் நடுவில் வைத்ததுதான் மிச்சம். இவர் அந்தப் பொம்மையைத் தொடுவதே இல்லை.

படங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஃபோன் திரையில் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அந்தப் புல்டோசர் தடம் சின்ன அளவில் வெறும் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். 'ஏ லுகு வாலே ஏ' புத்தகம் ஏதாவது பல்கலைக்கழக நூலகத்தில் கிடைத்தால் முதலில் படங்களை மட்டும் ஒரு தரம் புரட்டுங்கள், இரண்டாவது தரம் எழுத்தோடு.